பெயருக்கும் பட்டா உண்டோ?

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வந்துபோகும் நமக்கு மனைக் கற்களைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நேற்றுவரை சவுக்குத் தோப்பாகக் கிடந்த இடத்தில் இன்று கற்கள் நடப்பட்டிருக்கும். வாங்கியவர் வீடு கட்டுவதில்லை. வேலியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். சாலை அகலமாகும், விலை ஏறும், பிறகு உண்மையிலேயே வீடு கட்ட விரும்பும் ஒருவர் வந்து பத்து மடங்கு கொடுத்து வாங்குவார். இந்த வணிகம் கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே விலை போவது மண் அன்று, பெயர். புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள், இயந்திரமோ கட்டடமோ வாங்குமுன் இணையத்தில் ஒரு பெயரை வாங்க இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் கொட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது வணிகவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு வியப்பு ஏற்பட்டது. ஏன் கொட்டுகிறார்கள், கொட்டத்தான் வேண்டுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இப்பெயர் என்பது என்ன என்று பார்ப்போம். இணையத்தில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. மனிதர்களாகிய நமக்கு நீண்ட எண்கள் நினைவில் நிற்பதில்லை. ஆகவே எண்ணுக்கு மாற்றாகப் பெயர் வந்தது. தொடக்கத்தில் உலகிலுள்ள எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே பட்டியலில் அடங்கியிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழுவினர் அப்பட்டியலைப் பராமரித்தனர். கணினிகள் பெருகியதும் ஒரே பட்டியல் போதவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இன்று நாம் பயன்படுத்தும் பெயர் முறையை வகுத்தார். 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ்.காம் என்பது முதல் டாட் காம் பெயராகப் பதிவாயிற்று. பத்தாண்டுக் காலம் பெயர்ப் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 1995 செப்டம்பரில்தான் இரண்டாண்டுக்கு 100 டாலர் என்று விதித்தார்கள். இப்போது ஒரு டாட் காம் பெயருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். நம் நாட்டின் டாட் இன் பெயர் அதனினும் மலிவு.

இதன் அமைப்பு நம் பத்திரப்பதிவைப் போன்றதே. டாட் காம் பெயர்களுக்கெல்லாம் பதிவேடு வைத்திருப்பது வெரிசைன் என்ற நிறுவனம். டாட் இன் பெயர்களுக்கு நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு. இவற்றைச் சார்பதிவாளர் அலுவலகம் என்று கொள்ளலாம். நமக்குப் பெயரை எடுத்துத் தருகிற கம்பெனிகள் அலுவலக வாசலில் அமர்ந்திருக்கும் பத்திர எழுத்தர்கள். எல்லாவற்றுக்கும் மேலே 1998இல் தோன்றிய ஐகான் என்ற அமைப்பு விதிகளை வகுக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நிலத்தைக் கிரயம் செய்தால் அது வழிவழியாக நம்முடையது. இணையப் பெயரை எவரும் கிரயம் செய்ய முடியாது. குத்தகைதான், ஒரு தடவைக்கு அதிகபட்சம் பத்தாண்டு. கட்டணம் கட்டத் தவறினால் சிறிது காலம் பொறுப்பார்கள். பிறகு டாட் காம் பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம், அதன்பின் 5 நாள். அவ்வளவுதான், பெயர் சந்தைக்கு வந்துவிடும். பட்டா என்று தலைப்பில் கேட்டேனே, அதற்கு விடை இல்லை என்பதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முருகன் ஸ்டோர்ஸ் என்ற பெயரில் எத்தனை கடைகள் இருக்கும்? தெருவுக்கு ஒன்று இருந்தாலும் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. இணையத்திலோ முருகன் ஸ்டோர்ஸ்.காம் என்பது உலகம் முழுமைக்கும் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்ற அத்தனை முருகன்களும் வெளியே நிற்க வேண்டியதுதான். விலை ஏறுவதன் அடிப்படைக் காரணம் இதுவே. சுருக்கமான பெயர், அகராதியில் உள்ள எளிய சொல், தொலைபேசியில் ஒருமுறை சொன்னாலே எழுத்துப் பிழையின்றி எதிர்முனையில் இருப்பவர் எழுதிக்கொள்ளக்கூடிய சொல் இவையெல்லாம் முச்சந்தி மனைகள்.

அமெரிக்கக் கம்பெனிகள் இவற்றுக்குக் கொடுத்த விலைகளைச் சற்றுப் பார்ப்போம். ஃபேஸ்புக் தொடக்கத்தில் தி ஃபேஸ்புக் என்ற பெயரில்தான் இருந்தது. 2005இல் 2 இலட்சம் டாலர் கொடுத்து அந்தத் தி என்ற முன்னொட்டைக் களைந்தது. 2010இல் எஃப்பி.காம் என்ற ஈரெழுத்துப் பெயரை 85 இலட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க உழவர்களின் கூட்டமைப்பு ஒன்று. (நிலம் விற்ற உழவர்களை நாம் அறிவோம், எழுத்து விற்ற உழவர்கள் இவர்கள்.) டிராப்பாக்ஸ் நிறுவனத்துக்கு 2009 வரை தன் சொந்தப் பெயர் கிடைக்காமல், முன்னால் கெட் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு காலந்தள்ள நேர்ந்தது. டெஸ்லா மோட்டார்ஸ் 2016இல்தான் டெஸ்லா.காமைப் பெற்றது; அதற்குப் பத்தாண்டும் 1 கோடியே 10 இலட்சம் டாலரும் ஆயிற்று என்று ஈலான் மஸ்க்கே பின்னர் கூறினார். 2019இல் வாய்ஸ்.காம் என்ற ஒரு சொல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது.

இத்தகைய பேரத்தில் வாங்குபவர் நேரில் வரமாட்டார். பெரிய கம்பெனி கேட்கிறது என்று தெரிந்தால் விலை விண்ணை முட்டும் அல்லவா? ஆகவே தரகர் ஒருவர் வாங்குபவர் இன்னார் என்று சொல்லாமலே பேசுவார். பணமும் நேரே போகாது. மூன்றாமவர் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாறியது உறுதியான பிறகே விற்றவருக்கு விடுவிப்பார். கையில் பணம் குறைவான புதுக் கம்பெனிகள் மாதத் தவணையில் வாங்குவதும் உண்டு. புதுத் தொழில்களுக்கு முதல் கொடுப்பதில் பெயர்பெற்ற பால் கிரஹாம் 2015இல் எழுதிய ஒரு கட்டுரையில், உன் பெயரின் டாட் காம் உன்னிடம் இல்லையென்றால் கம்பெனியின் பெயரையே மாற்றிவிடு என்ற கருத்தை வற்புறுத்தினார். அவருடைய ஊருக்கு அது பொருந்தலாம். திருப்போரூரிலும் செங்கற்பட்டிலும் வாடிக்கையாளரைத் தேடும் ஒருவருக்கு டாட் இன் எவ்விதத்தில் குறைச்சல் என்பது எனக்கு விளங்கவில்லை.

அமெரிக்கா வரை போவானேன்? நம் அருகிலேயே இக்கதையின் முக்கியமான அத்தியாயம் நடந்திருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் இந்திய இணைய நிறுவனம். அடுத்த மாதமே அது மும்பையைச் சேர்ந்த ராஜேஷ் ஜெயினின் இண்டியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தபோது நாடே திகைத்தது. அந்நிறுவனத்தின் தளங்களுடைய பெயர்களைக் கவனியுங்கள்: சமாச்சார், கேல், கோஜ், பாவர்ச்சி. செய்தி, விளையாட்டு, தேடல், சமையற்காரர் என்று பொருள்படும் அன்றாட இந்திச் சொற்கள். 499 கோடியும் பெயருக்கே என்று சொல்லமாட்டேன். தளங்களும் அவற்றின் வாசகர்களும் சேர்ந்த விலை அது. ஆயினும் அந்த வாசகர்கள் வந்து சேர எளிய சொல் உதவியது என்பதில் ஐயமில்லை.

அதே சத்யம் இன்ஃபோவே தனக்கென்று வைத்துக்கொண்ட பெயர் வேறு வகைப்பட்டது. சத்யம், இன்ஃபோவே என்ற இரு சொற்களின் எழுத்துகளைப் பிசைந்து, எந்த அகராதியிலும் இல்லாத சிஃபி என்ற சொல்லை உருவாக்கி, 1999இல் சிஃபிநெட், சிஃபிமால் முதலிய பெயர்களைப் பதிவு செய்தது. 2001இல் வேறொரு கம்பெனி, எஃப் என்ற எழுத்து ஒன்றை மட்டும் கூடுதலாகச் சேர்த்துச் சிஃப்ஃபிநெட் என்று பதிவு செய்தது. கேட்டால் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவரின் பெயர்களுடைய முதலெழுத்துகள் என்றார்கள்! வழக்கு பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கே சிஃபிக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநிறுத்தியது. அத்தீர்ப்பில் சொல்லப்பட்டது நம்மைப் போன்றோர் நெஞ்சில் பதிக்க வேண்டிய செய்தி. இணையப் பெயர் வெறும் முகவரி மட்டுமன்று, வணிகத்தின் அடையாளமும் ஆகும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாவிடினும், தன் சரக்கைப் பிறர் சரக்கென்று காட்டி மக்களை மயக்குவதைத் தடுக்கும் வணிகக் குறிச் சட்டநெறி இப்பெயர்களுக்கும் பொருந்தும் என்பதே அது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சிஃபி என்பது புனைந்த சொல் என்பதால்தான் அதைப் பாதுகாப்பது எளிதாயிற்று. வழக்கில் உள்ள சொல்லுக்கு அந்த வலு இல்லை. திருமணத் தளங்களை நடத்தும் சென்னை நிறுவனம் ஒன்று கூகிள் மீது தொடுத்த வழக்கில், 2010இல் சென்னை உயர் நீதிமன்றம், மொழிப் பெயரோடு திருமணம் என்ற பொருளுடைய சொல்லைச் சேர்த்தால் அது தொழிலை விவரிக்கும் சொல்லே என்ற கோணத்தில் ஆராய்ந்தது. ஆக, சந்தையில் அதிக விலைபோகும் எளிய பொதுச்சொல்லே நீதிமன்றத்தில் மெலிந்து நிற்கிறது. காசு கொடுக்காமல் நாமே புனைந்த சொல் நீதிமன்றத்தில் நிமிர்ந்து நிற்கிறது. விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே கூடுவாஞ்சேரிக்கு அருகில் தலைமையிடம் கொண்டுள்ள ஜோஹோ நிறுவனம் இதற்குச் சிறந்த சான்று. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, சிறு அலுவலகம், வீட்டு அலுவலகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான சோஹோவின் முதலெழுத்தை மாற்றிப் பிறந்த நாலெழுத்துப் பெயரைத் தன் மென்பொருளுக்கு வைத்தது. 2009இல் நிறுவனமே அப்பெயருக்கு மாறிக்கொண்டது. அவர்களுடைய செய்திச் செயலிக்கு அரட்டை என்று தமிழ்ப் பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லின் கடைசி ஐகாரத்தை ஏ, ஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, அவ்விரண்டு எழுத்துகளையே ஈறாகக் கொண்ட அங்குவிலா என்ற கரீபியத் தீவின் பெயர்ப் பதிவேட்டில் ஓர் இணைப்பு முகவரியையும் எடுத்துக்கொண்டார்கள். தமிழிலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம் படித்தவர்கள் சிரிக்கலாம்.

முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டால் நமக்கே உரிமை என்று எண்ணுவோர்க்கு ஒரு சம்பவம். ஹாட்ஸ்டாரும் ரிலையன்ஸ் ஜியோவும் ஒன்றாகலாம் என்று ஊகித்த டில்லி இளைஞர் ஒருவர் இரண்டு பெயர்களையும் இணைத்து ஜியோஹாட்ஸ்டார்.காம் என்று பதிவு செய்து வைத்தார். 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜில் தாம் படிப்பதற்கான செலவை ஏற்றால் பெயரைத் தருவதாக ரிலையன்ஸ் நிறுவனத்துக்குத் திறந்த மடல் எழுதினார். கடைசியில் பெயர் துபாயில் வசிக்கும் அண்ணன் தங்கையாகிய இரு சிறுவர்களிடம் போய், அவர்கள் இலவசமாகவே தருவதாகச் சொன்னார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று அப்பெயரிலேயே செயலி வெளிவந்தது. படிக்க விரும்பிய இளைஞர்மீது எனக்கும் பரிவு உண்டு. ஆனால் 1999 முதல் நடைமுறையில் உள்ள உலகளாவிய நடுவர் முறை அவருக்குத் துணை நின்றிருக்காது. வழக்குத் தொடுப்பவர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும்: பெயர் தம் வணிகக் குறியை ஒத்திருக்கிறது, பதிவு செய்தவருக்கு அதில் நியாயமான தொடர்பு இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்யப்பட்டது. நியாயமான தொடர்பு இருந்தால் கதை வேறு. அமெரிக்காவில் நிசான் என்ற குடும்பப் பெயருடைய ஒருவர் 1994இல் நிசான்.காமைத் தம் கணினிக் கடைக்காகப் பதிவு செய்தார். கார்க் கம்பெனி 1999 முதல் ஆண்டுக்கணக்கில் வழக்காடியும் அப்பெயரை அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

சமூக ஊடகக் கணக்குப் பெயர்களுக்கு, ஹேண்டில் என்கிறார்களே அவற்றுக்கு, இந்த அளவு பாதுகாப்பும் இல்லை. இணையப் பெயர் குத்தகை என்றால் இது பிறர் வீட்டுத் திண்ணை. வீட்டுக்காரர் எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டியதுதான். 2023இல் ட்விட்டர் எக்ஸ் என்று பெயர் மாறியபோது, எக்ஸ் என்ற ஒற்றை எழுத்துக் கணக்கைப் பல ஆண்டுகளாக வைத்திருந்த ஒரு புகைப்படக் கலைஞரிடமிருந்து நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. பணம் ஏதும் கொடுக்கவில்லை. இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களின் விதிகள் கணக்கை விற்பதையே தடை செய்கின்றன. ஆகவே கள்ளத்தனமாகக் காசு கொடுத்து வாங்கியவர் ஏமாந்தால் முறையிட இடமில்லை. இருந்தும் இணையப் பெயரும் ஊடகப் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று புதுக் கம்பெனிகள் துடிப்பதில் பொருள் உண்டு. போலிக் கணக்கு தொடங்கி வாடிக்கையாளரின் பணத்தைச் சுருட்டுவோர் நுழையும் சந்து, இவ்விரண்டும் ஒன்றாக இல்லாத இடத்தில்தான் இருக்கிறது.

இவை யாவும் பெரிய கம்பெனிகளின் பாடு, நமக்கென்ன என்று எண்ணலாகாது. என் சித்தப்பா மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு அவருக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்தார். ஊர்ப் பெயரையும் கல் என்ற சொல்லையும் சேர்த்த நல்ல பெயர். வெளிநாட்டுத் தோட்டங்களுக்குப் போகும் யானை, நந்தி, விளக்குத் தூண் ஆகியவற்றின் பீடத்தில், பின்புறமாக, அந்த முகவரியைச் சிறிய எழுத்தில் செதுக்கியே அனுப்புவார். (கோயில் விக்கிரகங்களில் அப்படிச் செய்யமாட்டார்.) புதிய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தக் கல்லெழுத்தைப் படித்து வந்தவர்களே. தளம் அமைத்தவரோ பெயரைத் தம் மின்னஞ்சலில், தம் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். ஒரு கட்டத்தில் அவருடைய தொலைபேசி எண்ணே இல்லாமல் போயிற்று. புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் யாருக்கோ போயின. இப்போது அம்முகவரியைத் தட்டினால், இப்பெயர் விற்பனைக்கு, விலை 2,500 டாலர் என்று வருகிறது. இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல்!

நடுவரிடம் போகலாமா என்று யோசித்தோம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒற்றை நடுவருக்குரிய கட்டணமே 1,500 டாலர். போனாலும் ஊர்ப் பெயரும் கல்லும் சேர்ந்த பொதுச்சொல் என்னுடையது என்று எப்படி வாதிடுவது? மகாபலிபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்ததே என்பார் சித்தப்பா. அது ஊரின் கலைஞர்கள் எல்லாருக்கும் பொதுவான உரிமை. ஒருவருடைய இணையப் பெயரைக் காக்கும் வேலி அன்று. எனவே பணம் கொடுக்காமல், சிஃபியின் வழியைப் பின்பற்றி, பாட்டனார் பெயரிலிருந்து ஈரெழுத்து, பட்டறைத் தெருவின் பெயரிலிருந்து ஈரெழுத்து எடுத்துப் புதுச்சொல் ஒன்றைப் புனைந்தோம்.

புனைந்தபின்தான் தமிழனுக்கே உரிய தொல்லை தொடங்கிற்று. ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது? வீட்டில் ஐந்து பேரைக் கேட்டால் நான்கு விதமாக எழுதினார்கள். பகரத்துக்குப் பி எழுதுவோரும் உண்டு, பீ எழுதுவோரும் உண்டு. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பார் சிலர், இரட்டிக்கார் சிலர். 2020 ஜூனில் அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, எழுந்த விமரிசனங்களால் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றதை நினைவுகூருங்கள். நம் ஊர்களைப் பார்த்தாலும் அதே நிலை. மாமல்லபுரம் என்று நாம் சொல்வதை யுனெஸ்கோ 1984இல் மகாபலிபுரம் என்று பட்டியலில் ஏற்றியது. கோவளம் என்று தேடினால் கேரளத்துக் கோவளம் முந்திக்கொண்டு வருகிறது. ஆகவே தமிழ்ப் பெயர் வைப்பவர் குறைந்தது இரண்டு எழுத்துக் கூட்டலையாவது பதிவு செய்தே ஆக வேண்டும். இரண்டையும் சித்தப்பா பெயரில், அவர் மின்னஞ்சலில், ஐந்தாண்டுக்குக் கட்டிவிட்டோம்; சில ஆயிரங்களில் முடிந்தது. இன்ஸ்டாகிராமில் அச்சொல்லை வேறொருவர் முன்பே எடுத்திருந்ததால், பின்னால் சிற்பி என்று சேர்த்துக்கொண்டோம்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க இயலாதா என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்பார்கள். இயலும். புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்தில் ஈறுகள் உண்டு. எழுத்துக்கூட்டல் தகராறே அங்கு இல்லை. ஆனால் கணினி உள்ளுக்குள் அதை எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாற்றித்தான் புரிந்துகொள்கிறது. சில இடங்களில் அந்தக் குவியலே வெளியிலும் தெரிகிறது. தமிழ் மின்னஞ்சல் முகவரியைப் பல விண்ணப்பப் படிவங்கள் பிழை என்று தள்ளுகின்றன. சித்தப்பாவுக்கு அதிலும் ஒன்றை ஓராண்டுக்கு மட்டும் எடுத்திருக்கிறோம். தை மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.